வெள்ளம் வடிந்ததும் வீட்டைக் கழுவிவிடாதீர்கள்: வீட்டுக் காப்பீட்டில் கிளெய்ம் போடுவது எப்படி

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது வேளச்சேரிப் பக்கம் எங்கள் தரைத்தள வீட்டுக்குள் முழங்கால் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. மூன்றாம் நாள் வடிந்ததும் எல்லாரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். அம்மா துடைப்பமும் பினாயிலுமாக இறங்கிவிட்டார், நான் சேற்றை வழித்து வாளியில் அள்ளினேன், பக்கத்து வீட்டுப் பையன்கள் நாற்றமெடுத்த மெத்தை இரண்டையும் தூக்கித் தெருமுனையில் போட்டார்கள், மறுநாள் காலையில் மாநகராட்சி லாரி வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டது. அதற்கும் நான்கு நாள் கழித்து, சேதத்தை நேரில் பார்த்து மதிப்பிடும் இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தார். பளிச்சென்று இருந்த தரையைப் பார்த்தார், வெறும் கட்டிலைப் பார்த்தார், "மெத்தை எங்கே சார்?" என்றார். போட்டோவாவது இருக்கிறதா என்றார். இல்லை.

மெத்தைக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை. மற்றவற்றுக்கு வந்தது, ஆனால் ஏழு மாதம் ஆனது, அதுவும் முதலில் சொன்ன தொகையை ஏற்காமல் விடாப்பிடியாக மெயில் அனுப்பியதால்தான். குடும்பமே சேற்றில் நிற்கும்போது படம் எடு, பில் தேடு என்று சொல்வது கல்நெஞ்சுக்காரர் பேச்சாகத் தோன்றும். ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் கிளெய்மில் முக்கால்வாசி அந்த முதல் இரண்டு நாளிலேயே முடிவாகிவிடுகிறது, அப்போது யாரும் நம் பக்கத்தில் நின்று இதைச் சொல்வதில்லை.

முதலில் பாலிசி காகிதத்தைக் கையில் எடுங்கள்

இது சின்ன விஷயம் மாதிரி தெரியும். வீட்டுக்கடன் வாங்கிய பலருக்குத் தங்கள் வீட்டுக்குக் காப்பீடு இருக்கிறதா இல்லையா என்பதே தெரியாது. வங்கியில் கையெழுத்துப் போட்ட கட்டுக் காகிதங்களுக்குள் இரண்டு விதமான பாலிசி இருக்கலாம். ஒன்று, கடன் வாங்கியவர் இறந்துபோனால் மிச்சக் கடனை அடைப்பது. அது ஆயுள் காப்பீடு, வெள்ளத்துக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. இன்னொன்றுதான் கட்டடத்துக்கானது. வங்கிக்குப் போய் "கட்டட இன்சூரன்ஸ் பாலிசியின் நகல் வேண்டும்" என்று எழுதிக் கொடுத்து வாங்குங்கள். அதில் வங்கியின் பெயரும் சேர்ந்திருந்தால் கிளெய்ம் பணம் வங்கி வழியாகத்தான் போகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், கடைசி நேரத்தில் வங்கியின் கடிதம் இல்லை என்று பணம் நிற்பது சகஜம்.

2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் 'பாரத் கிரஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான வீட்டு பாலிசியைக் கட்டாயம் விற்க வேண்டும் என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் விதி. எந்த கம்பெனியில் எடுத்தாலும் அடிப்படை ஷரத்துகள் ஒன்றுதான். தீ, இடி மின்னல், புயல், வெள்ளம், நிலநடுக்கம், நிலச்சரிவு, கலவரம், தண்ணீர்த் தொட்டி அல்லது குழாய் வெடித்து வழிவது எல்லாம் இதில் அடங்கும். இப்படி ஒரு சம்பவம் நடந்து ஏழு நாட்களுக்குள் அதைச் சாக்காக வைத்துத் திருட்டு நடந்தால் அதற்கும் உண்டு. வெள்ள நேரத்தில் வீட்டைப் பூட்டிவிட்டுச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இதில் ஒரு குழப்பம் எல்லாருக்கும் வரும். ஃப்ளாட் விலை எண்பது லட்சம், பாலிசியில் பதினேழு லட்சம்தானே இருக்கிறது என்பார்கள். நிலத்தின் விலைக்குக் காப்பீடு கிடையாது, திரும்பக் கட்ட ஆகும் செலவுக்குத்தான். சுவர்களுக்கு உட்பட்ட உள்ளளவு (கார்பெட் ஏரியா) 800 சதுர அடி, கட்ட சதுர அடிக்கு 2,200 ரூபாய் என்றால் 17.6 லட்சம். கட்டடமும் பொருட்களும் சேர்ந்த பாலிசியாக இருந்தால் அந்தத் தொகையில் 20 சதவீதம், அதாவது இந்தக் கணக்கில் சுமார் மூன்றரை லட்சம், வீட்டுப் பொருட்களுக்குத் தனியாகப் பட்டியல் கொடுக்காமலே கிடைக்கும், உச்சவரம்பு 10 லட்சம். நகைக்குத் தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். வங்கி எடுத்துக் கொடுத்த பாலிசியில் பெரும்பாலும் கட்டடம் மட்டும்தான் இருக்கும், ஃப்ரிட்ஜுக்கும் பீரோவுக்கும் அதில் இடமே இருக்காது. அதைப் பார்க்காமல் எல்லாவற்றையும் பட்டியல் போட்டு ஏமாந்தவர்களை எங்கள் தெருவிலேயே பார்த்தேன்.

மின்சாரம், கேமரா, அப்புறம் துடைப்பம்

தண்ணீர் வடிந்து உள்ளே போனதும் மெயினை அணைத்திருப்பதை உறுதிசெய்யுங்கள். நனைந்த எந்தப் பொருளையும் 'ஓடுகிறதா பார்ப்போம்' என்று பிளக்கில் செருகாதீர்கள். உயிருக்கு ஆபத்து என்பது முதல் காரணம். இன்னொன்று, ஷார்ட் சர்க்யூட்டில் எரிந்துபோன கருவிக்கு, அந்தக் கருவி மட்டும் சேதமானால், பாலிசியில் பணம் கிடையாது. வெள்ளத்தில் கெட்ட ஃப்ரிட்ஜுக்கு உண்டு, வெள்ளத்துக்குப் பிறகு நாம் சுவிட்ச் போட்டு எரித்த ஃப்ரிட்ஜுக்கு வாதாட வேண்டி வரும். காருக்கும் இதே கதைதான், அது வேறு பாலிசி என்றாலும் நனைந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யவே செய்யாதீர்கள்.

இப்போது போனை எடுங்கள். வாசலிலிருந்து ஆரம்பித்து, நிறுத்தாமல், ஒவ்வொரு அறையாக மெதுவாக நடந்து ஒரே வீடியோ எடுங்கள். தேதி, நேரம், வீட்டு எண்ணைப் பேசிக்கொண்டே எடுத்தால் இன்னும் நல்லது. பிறகு தனித்தனிப் படங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கோடு ஒன்று இருக்கும், பழுப்பாக, மேல் ஓரத்தில் மெல்லிய எண்ணெய்ப் பிசுக்கோடு. அதன் பக்கத்தில் தரையிலிருந்து இஞ்ச் டேப்பை நேராக நிறுத்தி, எண் தெளிவாகத் தெரியும்படி படம் எடுங்கள். ஒவ்வொரு அறையிலும் இதைச் செய்யுங்கள். இந்த ஒரு படம் இருந்தால் கீழ்த்தட்டில் என்னென்ன மூழ்கியிருக்கும் என்று யாரும் தர்க்கம் செய்ய முடியாது. ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், இன்வெர்ட்டர் எல்லாவற்றிலும் மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் உள்ள ஸ்டிக்கர் பின்பக்கமோ கதவின் உள்பக்கமோ இருக்கும். சேற்றைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு அதைப் படம் எடுங்கள், தேய்த்தால் எழுத்து போய்விடும்.

கழுவவே கூடாது என்று சொல்லவில்லை. சேதம் மேலும் கூடாமல் பார்த்துக்கொள்வது பாலிசிதாரரின் பொறுப்பு, அதுவும் பாலிசியிலேயே இருக்கிறது. படம் எடுத்து முடித்தால் தாராளமாகச் சேற்றைக் கழுவலாம். பொருட்களைத்தான் தூக்கிப் போடக் கூடாது. மொட்டை மாடியிலோ கார் நிறுத்தும் இடத்திலோ வையுங்கள். நாற்றம் தாங்கவில்லை, வீட்டில் குழந்தை இருக்கிறது என்றால் படத்தோடு கம்பெனிக்கு ஒரு மெயில் போடுங்கள்: "சுகாதாரக் காரணத்தால் இன்னின்ன பொருட்களை நாளை காலை அகற்றுகிறோம், நேரில் பார்க்க வேண்டுமென்றால் அதற்குள் ஆள் அனுப்புங்கள்." மெத்தையில் கம்பெனி பெயர் உள்ள மூலையை வெட்டி ஒரு பையில் போட்டு வையுங்கள். நாங்கள் இதைச் செய்திருந்தால் இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் மிச்சமாகியிருக்கும்.

தகவல் சொல்வதைத் தள்ளிப்போடாதீர்கள். இலவச எண்ணில் கூப்பிட்டுக் கிளெய்ம் எண் வாங்குங்கள், அதே விவரத்தை அன்றே மெயிலிலும் போடுங்கள். போனில் பேசியது பிறகு யாருக்கும் நினைவிருக்காது. மெயிலில் மொத்தச் சேதம் இவ்வளவு என்று அவசரப்பட்டு ஒரு தொகையை எழுதிவிடாதீர்கள். "இப்போது தெரிந்த சேதம் இவை, பிறகு தெரியவரும் சேதத்தையும் சேர்ப்போம்" என்று ஒரு வரி போடுங்கள். இந்த வரி எனக்கு எப்படி உதவியது என்றால், மாடுலர் கிச்சனின் ப்ளைவுட் முதல் வாரத்தில் நன்றாகத்தான் இருந்தது, நான்காவது வாரத்தில் கதவுகளின் அடிப்பக்கம் பன் மாதிரி ஊதி மேல் ஷீட் உரிந்து வந்தது. தரைத்தளத்தில் இருக்கும் எல்லாருக்கும் இது நடக்கும். கிளெய்ம் படிவத்தைச் சேதத்தைப் பார்த்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் கொடுத்துவிடுங்கள். சேர்க்க வேண்டியதைப் பின்னால் சேர்க்கலாம்.

சர்வேயர் வரும் நாள்

சர்வேயர் உரிமம் பெற்ற தனி ஆள், அவருக்குக் கூலி கொடுப்பது காப்பீட்டு நிறுவனம். நீங்கள் அவருக்கு எதுவும் கொடுக்க வேண்டியதில்லை, டீயைத் தவிர. வெள்ள நேரத்தில் ஒரே நாளில் பல வீடுகளைப் பார்த்துவிட்டுக் களைத்துப்போய் வருவார். அவரிடம் கோபப்பட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை. அவர் எழுதும் அறிக்கைதான் எல்லாவற்றுக்கும் ஆதாரம் என்பதால், அவர் வேலையைச் சுலபமாக்கிக் கொடுங்கள்.

ஒரு தாளில் பட்டியல் தயாராக இருக்கட்டும்: பொருள், வாங்கிய ஆண்டு, அப்போதைய விலை, இன்று அதே மாதிரிப் பொருளின் விலை, பழுது பார்க்க முடியுமா முடியாதா. கட்டடச் சேதத்தைத் தனித் தாளில் எழுதுங்கள். சுவரோடு பதித்த கப்போர்டு, வயரிங், கதவு, பெயின்ட் எல்லாம் கட்டடத்தில் சேரும், கட்டிலும் சோபாவும் பொருட்களில் சேரும். இரண்டையும் கலந்து எழுதினால் ஒன்றின் வரம்பு முடிந்ததும் மீதி வெட்டப்படும். எஸ்டிமேட் வாங்கும்போது பொருள் செலவையும் கூலியையும் பிரித்து, ஜிஎஸ்டி எண் உள்ள தாளில் வாங்குங்கள். மேஸ்திரி துண்டுச் சீட்டில் 'மொத்தம் ஒன்றரை லட்சம்' என்று எழுதித் தருவதை யாரும் ஏற்க மாட்டார்கள். இடிபாட்டையும் கழிவையும் அகற்றும் செலவுக்குக் கிளெய்ம் தொகையில் 2 சதவீதம் வரையும், வீடு குடியிருக்க முடியாதபடி ஆகிவிட்டால் வேறு வீட்டு வாடகையும் இந்த பாலிசியில் உண்டு. நாம் கேட்காவிட்டால் யாரும் எடுத்துச் சொல்வதில்லை, எனக்கும் யாரும் சொல்லவில்லை.

பில் இல்லையே என்று பயப்படாதீர்கள். பில் வைத்த அலமாரியே தண்ணீரில் போயிருக்கும், சர்வேயருக்கும் அது தெரியும். பெரிய கடைகளில் போன் நம்பர் சொன்னால் பழைய பில்லை எடுத்துத் தருவார்கள். ஆன்லைனில் வாங்கியது ஆர்டர் பட்டியலில் இருக்கும். வங்கிக் கணக்கு விவரம், இஎம்ஐ கட்டிய பதிவு, வாரன்ட்டி அட்டை எல்லாமே சான்றுதான். 2024 ஜூன் மாதம் ஐஆர்டிஏஐ வெளியிட்ட சுற்றறிக்கையில், ஆவணம் இல்லை என்பதற்காக மட்டும் கிளெய்மை நிராகரிக்கக் கூடாது, கிளெய்முக்கு நேரடியாகத் தேவையான ஆவணங்களை மட்டுமே கேட்க வேண்டும் என்று தெளிவாக இருக்கிறது. பத்து வருஷத்துக்கு முந்தைய பெயின்டிங் பில்லைக் கேட்டால் இதைச் சுட்டிக்காட்டி மெயில் போடுங்கள்.

சர்வேயர் அடிக்கடி சொல்லும் இரண்டு காரணங்களுக்குத் தயாராக இருங்கள். ஒன்று, 'இது பழைய கசிவு'. நாள்பட்ட நீர்க்கசிவுக்கும் தேய்மானத்துக்கும் பாலிசியில் இடமில்லை என்பது உண்மை, ஆனால் வெள்ளத்தில் ஊறியதையும் அந்தக் கணக்கில் தள்ளிவிடுவார்கள். என் கிச்சன் கப்போர்டுக்கு இப்படித்தான் எழுதினார்கள். தங்கச்சி தன் போனில் தேடி, அந்த வருஷம் தீபாவளிக்கு, அதாவது வெள்ளத்துக்கு மூன்று வாரம் முன்பு எடுத்த படத்தைக் கண்டுபிடித்தாள். அம்மா அதிரசம் சுட்டுக்கொண்டிருக்கிறார், பின்னால் கப்போர்டின் அடிப்பகுதி ஊறலோ கறையோ இல்லாமல் நேராக நிற்கிறது. அந்த ஒரு படத்தை அனுப்பிய பிறகு கப்போர்டுக்கான பணம் சேர்ந்தது. ஆகவே பண்டிகைப் படங்கள், பிறந்தநாள் வீடியோ எல்லாவற்றிலும் பின்னணியைத் தேடுங்கள்.

இன்னொன்று, 'குறைவான தொகைக்குக் காப்பீடு எடுத்திருக்கிறீர்கள்'. பழைய வகை பாலிசிகளில் இது நிஜமான வெட்டு: இருபது லட்சம் மதிப்புள்ளதைப் பத்து லட்சத்துக்கு எடுத்திருந்தால் இரண்டு லட்சம் சேதத்துக்கு ஒரு லட்சம்தான் தருவார்கள். பாரத் கிரஹ ரக்ஷாவில் இந்த வெட்டு கிடையாது. உங்கள் பாலிசியின் பெயர் எது என்று பார்த்துவிட்டு வாதாடுங்கள்.

அவர் கிளம்பியதும் அன்று மாலையே அவருக்கும் கம்பெனிக்கும் சேர்த்து ஒரு மெயில்: இன்று வந்தீர்கள், இவற்றைப் பார்த்தீர்கள், இந்த ஆவணங்களைக் கேட்டீர்கள், இவற்றைக் கொடுத்துவிட்டோம், இவை பாக்கி. தமிழில் எழுதினாலும் சரி, ஆங்கிலத்தில் எழுதினாலும் சரி, நாலு வரி போதும். ஒவ்வொரு முறையும் பழைய மெயிலுக்குப் பதிலாகவே எழுதுங்கள், கிளெய்ம் எண் தலைப்பில் இருக்கட்டும். நடுவில் ஆள் மாறுவார்கள், எனக்கு மூன்று பேர் மாறினார்கள், புதிதாக வந்தவர் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து கேட்டார். முழுக் கதையும் ஒரே மெயில் சங்கிலியில் இருந்ததால் அதை அப்படியே அனுப்ப முடிந்தது.

இழுத்தடித்தால், குறைத்தால்

2024 சுற்றறிக்கையின்படி, தகவல் சொன்ன 24 மணி நேரத்தில் சர்வேயரை நியமிக்க வேண்டும், அவர் 15 நாட்களில் அறிக்கை கொடுக்க வேண்டும், அறிக்கை வந்த 7 நாட்களில் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும். சர்வேயரிடமிருந்து அறிக்கையை வாங்குவது நிறுவனத்தின் வேலை, உங்கள் வேலை அல்ல. "சர்வேயர் இன்னும் தரவில்லை சார்" என்ற பதில் உங்களுக்குச் சம்பந்தமில்லாதது, அதை அப்படியே எழுதிக் கேளுங்கள். அறிக்கையின் நகலையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எந்தப் பொருளுக்கு எவ்வளவு வெட்டினார்கள், தேய்மானம் எவ்வளவு, பழைய பொருளின் காயலான்கடை மதிப்பு என்று எவ்வளவு கழித்தார்கள் என்பது அதில்தான் இருக்கும். அது இல்லாமல் 'குறைவாகத் தந்துவிட்டார்கள்' என்று பொதுவாகப் புலம்பினால் ஒருவரும் பதில் சொல்ல மாட்டார்கள். "வரிசை எண் 7, வாஷிங் மெஷின், பழுது பார்க்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள், மோட்டாரும் போர்டும் போய்விட்டன என்று சர்வீஸ் சென்டர் தந்த கடிதம் இணைப்பில்" என்று எழுதினால் பதில் வந்தே தீரும்.

'முழுத் தீர்வாக ஏற்றுக்கொள்கிறேன்' என்று ஒரு வவுச்சரில் கையெழுத்துக் கேட்பார்கள். பணத் தேவை இருக்கும், கை தானாகப் பேனாவை எடுக்கும். அதில் கையெழுத்துப் போட்டாலும் மிச்சத் தொகைக்காக வழக்காடும் உரிமை போய்விடாது என்று 2015 செப்டம்பரிலேயே ஐஆர்டிஏஐ சொல்லியிருக்கிறது. இருந்தாலும் 'தொகையை ஏற்காமல், எதிர்ப்புடன் பெறுகிறேன்' என்று உங்கள் கையால் எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள், அதையும் படம் எடுத்து வையுங்கள்.

முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்குப் புகார் எழுதுங்கள். அவர்கள் இரண்டு வாரத்தில் பதில் சொல்ல வேண்டும். கூடவே ஐஆர்டிஏஐயின் 'பீமா பரோசா' தளத்திலோ 155255 என்ற எண்ணிலோ பதிவு செய்யலாம், அங்கே பதிவானால் நிறுவனத்துக்குள் ஃபைல் நகரும். ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால் காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம், அதாவது காப்பீட்டுப் புகார்களை விசாரித்து உத்தரவிடும் அதிகாரியிடம், போகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரி, காரைக்காலுக்குமான அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில் இருக்கிறது, ஆன்லைனிலும் புகார் தரலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வைக்கவும் முடியாது, நீங்களேதான் பேச வேண்டும். 50 லட்சம் ரூபாய் வரை அவரால் உத்தரவிட முடியும், நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். உத்தரவு வந்தால் 30 நாட்களுக்குள் நிறுவனம் நிறைவேற்ற வேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். வக்கீல் இல்லாமல் எப்படிப் பேசுவது என்று தயங்க வேண்டாம். இஞ்ச் டேப் படம், பட்டியல், மெயில் சங்கிலி, சர்வே அறிக்கை நான்கையும் தேதி வரிசையில் ஒரு ஃபைலில் கோத்து எடுத்துப் போனால் அதுவே பேசும்.

நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது, இரண்டு வருட அவகாசம் உண்டு, ஆனால் நாள் பிடிக்கும். ஆம்பட்ஸ்மேனிடம் தீராவிட்டால் மட்டும் அங்கே போகலாம் என்பது என் எண்ணம். சர்வேயரின் அறிக்கை முக்கியமானதே தவிர அதுவே கடைசி வார்த்தை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2009இல் சொல்லியிருக்கிறது. 'சர்வேயர் எழுதிவிட்டார், ஒன்றும் செய்ய முடியாது' என்று கவுன்ட்டரில் சொன்னால் நம்பி எழுந்து வந்துவிடாதீர்கள்.

இதைப் படிக்கும்போது வீடு காய்ந்து கிடந்தால், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்குங்கள். கப்போர்டுகளைத் திறந்து, பீரோவைத் திறந்து, ஃப்ரிட்ஜின் ஸ்டிக்கர் வரை நடந்து நடந்து ஒரு வீடியோ. பாலிசி, பில்கள், அந்த வீடியோ மூன்றையும் உங்களுக்கே மெயில் செய்துவிட்டு, வெளியூரில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். 2023 டிசம்பரில் எங்கள் தெருவில் மூன்று நாள் மின்சாரமும் இல்லை, சிக்னலும் இல்லை. எங்கள் பாலிசி எண்ணையே மதுரையிலிருந்து அத்தை பார்த்துத்தான் சொன்னார்.